காலடிக்கு முன்னால் ஒரு மூச்சு

நாச்சிமுத்து தன் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

அதில் அவருக்கு வெட்கமொன்றும் கிடையாது. முப்பது வருடம் மாரியம்மன் நோன்பி, கல்யாணம், காதுகுத்து என்று ஊர் ஊராக மைக்செட் கட்டியவர். புளியமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டத் தன்னை விட்டால் ஆளில்லை என்று தானே சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவர் போன வருடம் கோயமுத்தூரில் ஒரு கண்காட்சிக்கு ஸ்பீக்கர் கட்டப் போனார். அங்கே ஒரு பெண், கண்ணை முழுக்க மறைக்கும் பெரிய கண்ணாடி ஒன்றை அவர் முகத்தில் மாட்டி, காதில் ஹெட்போனை வைத்தாள். எதிரில் ஒரு கிணறு தெரிந்தது. கையில் ஒரு கல் இருந்தது. போட்டார்.

சத்தம் உடனே வரவில்லை. கல் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. சரி, அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவர் நினைக்கிற நேரத்தில் அடியாழத்தில் "ளொபக்" என்றது.

பதினேழு கல் போட்டார். ஒரு கல்லின் சத்தம் அடுத்த கல்லுக்கு வரவில்லை. ஒன்று சுவரில் பட்டுத் தெறித்து விழுந்தது. ஒன்று எங்கேயோ ஒரு தவளையைக் கிளப்பிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திட்ட ஆரம்பித்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார். சிமெண்ட் தரை. கிணறும் இல்லை, கல்லும் இல்லை. உள்ளங்கை மட்டும் வேர்த்திருந்தது.

"இந்தக் கெணத்தை வெட்டுனது யாருங்க?"

"நான்தாங்ண்ணா," என்றாள் அந்தப் பெண். வாயில் பாதி போண்டா இருந்தது.

அவள்தான் நிஷா. உக்கடத்துக்காரி. மறுநாளே நாச்சிமுத்து ஆம்ப்ளிபயரைத் துணி போட்டு மூடிவிட்டு, அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். "வாத்தியாரே" என்று கூப்பிட்டார். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் கோபித்துக்கொண்டாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

பதினோராவது மாதம் அவள் அவரிடம் ஒரு தெருவைக் கொடுத்தாள்.

"படம் நான் போட்டுட்டேன். சத்தம் முழுக்க உங்களோடதுண்ணா. நான் கை வெக்க மாட்டேன்."

தெரு பூவாத்தாளுக்காக.

பூவாத்தாள் தபால்காரம்மா. பதினாறு வருடம் ஒரே பீட். தினமும் பையை மாட்டிக்கொண்டு நடக்கிற அந்த வட்டாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் கையெழுத்துப் போட ஒரு பேனாகூட இருக்காது என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. எட்டு மாதத்துக்கு முன் ஒரு வாசலில் நின்று முகவரியைப் படித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த வேன் ஒன்று இடித்துவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

இப்போது செயற்கைக் கால். ஆஸ்பத்திரி ஹாலில் கம்பியைப் பிடித்து நடந்தாள். கம்பியில்லாமலும் நடந்தாள். தெருவில் கொண்டுபோய் விட்டால் மட்டும் நான்காவது அடியில் நின்றுவிடுவாள். அதனால்தான் தெருவையே ஹாலுக்குள் கொண்டுவரலாம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நிஷாவைத் தேடி வந்தார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தபால் ஆபீஸ் சார்பில் டாக்டர் வருகிறார். அவளுடைய பீட்டிலேயே முதல் இருபது வீடு நடந்து காட்ட வேண்டும். நடந்தால் பை திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் உள்ளே நாற்காலி போட்டு முத்திரை குத்துகிற வேலை.

"நாற்காலி நல்லதுதானுங்களே?" என்று நாச்சிமுத்து தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"ஏனுங், உங்களை மரமேறாம கீழயே உக்காந்து ஒயர் சுத்துங்கன்னா சுத்துவீங்களா?" என்றாள் பூவாத்தாள்.

கையிலிருந்த ஒயரை அவர் சட்டென்று கீழே வைத்தார்.

ஹால் முப்பது அடி நீளம். தெரு அதற்குள்தான் வளைந்து வளைந்து போகும். பூவாத்தாளின் இரண்டு பாதத்திலும் ஒரு பட்டை கட்டியிருக்கும். பாதம் தரையைத் தொட்டதும் பட்டை கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மணலென்றால் மணல் சத்தம், சருகென்றால் சருகுச் சத்தம், சாக்கடை மூடியென்றால் அதன் சத்தம், கம்ப்யூட்டர் எடுத்து அவள் காதில் விடும். ஹெட்போன் காதை முழுசாக அடைத்துவிடும் என்பதால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே போகாது.

புதன்கிழமை முதல் நடை. நாச்சிமுத்து காலடிக்கெல்லாம் எக்கோ வைத்திருந்தார். எக்கோ இல்லாத சத்தம் மொட்டைத்தலை என்பது அவர் கட்சி.

பூவாத்தாள் கண்ணாடியோடு நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றாள். சட்டென்று திரும்பினாள்.

"யாருங் பின்னாடி?"

"ஆருமில்லீங்களே."

"வந்தாங்களே!"

நாச்சிமுத்து நிஷாவைப் பார்த்தார். அவள் "கேளுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

அவரும் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். எக்கோதான். ஒரு காலடி சுவரில் மோதித் திரும்பி இரண்டாவது ஆளாகிவிடுகிறது. மனசே இல்லாமல், கல்யாணம் முடிந்த பந்தலைப் பிரிப்பதுபோல, ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

வியாழக்கிழமை நான்காவது அடியில் திரும்பினாள்.

"இருக்கறாங்கங். இப்ப மெதுவா வர்றாங்க."

அவருக்கு இப்போது சந்தேகம் சத்தத்தின் மேலேயே போயிற்று. நிஷாவின் பெட்டியிலிருந்த மணல் சத்தம், துணிப்பையில் கடலைத்தொட்டியை, உரித்த கடலை ஓட்டை, போட்டுப் பிசைந்தது. சருகுச் சத்தம் அப்பளம் நொறுக்கியது. பொய்ச் சத்தம் என்பதால்தான் காலுக்கு ஒட்டவில்லை என்று முடிவு கட்டினார். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் மைக்கைத் தூக்கிக்கொண்டு பூவாத்தாளின் பீட்டுக்கே போனார். மணலில் நடந்தார். புங்கமரத்தடிச் சருகில் நடந்தார். சாக்கடை மூடியில் ஏறி இறங்கினார். ஒரு வீட்டம்மா கேட்டைத் திறந்து பார்த்தாள்.

"என்னுங்க தொலைச்சீங்க?"

"ஒண்ணுந் தொலைக்கலைங்க. சத்தம் எடுக்கறேன்."

அவள் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, மூன்றாவது அடியில் பூவாத்தாள் திரும்பக்கூட இல்லை. சுவரைத் தடவிப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்பக் கிட்ட வந்துட்டானுங். மொத நாளு தூரத்துல வந்தான். இன்னிக்குச் செருப்புல மண்ணு ஒட்டறது வரைக்கும் கேக்குது."

கண்ணாடியைத் தானே கழற்றினாள்.

"நிஷா கண்ணு, திங்கக்கெழமை வேண்டாஞ் சாமி. நாற்காலியே இருக்கட்டும்."

நிஷா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். "நாளைக்கு ஒருக்கா வாங்க பூவக்கா. அப்புறம் உங்க இஷ்டம்," என்றாள்.

பூவாத்தாள் போன பிறகு நாச்சிமுத்து நீண்ட நேரம் ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். முப்பது வருடம் ஊரைக் கூட்டிய மனிதர். ஒரு பொம்பிளையை நாலு அடி நடக்க வைக்க முடியவில்லை.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"கடலைத்தொட்டியில பண்ணுன மணலை சனங்க நம்புது. நெசமான மணலை நான் கொண்டாந்தா நம்ப மாட்டேங்குது. ஒரு சத்தம் நெசமா இல்லையான்னு மனுசன் எதை வெச்சுக் கண்டுபிடிக்கறான்?"

நிஷா எழுந்து வெளியே ஆஸ்பத்திரியின் நீளத் தாழ்வாரத்துக்குப் போனாள். மாலை நேரம், ஆள் நடமாட்டம் இல்லை.

"நடங்கண்ணா. அந்தக் கடைசி சன்னல் வரைக்கும். திரும்பிப் பாக்கக் கூடாது."

நாச்சிமுத்து நடந்தார். செருப்பு தரையில் 'சரப், சரப்' என்றது. சன்னல் வந்ததும் நின்றார்.

"நடந்துட்டனுங். நீங்க எப்ப வருவீங்க?"

"வந்துட்டேனே."

திடுக்கிட்டுத் திரும்பினார். இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் செருப்போடுதான் இருந்தாள்.

"எப்பத்துல இருந்துங்?"

"மொத அடியில இருந்து. நீங்க கால் வெக்கறப்ப நானும் வெச்சேன். மறுபடி நடங்க."

நடந்தார். இந்த முறை மூன்றாவது அடியிலேயே அவர் பிடரி சிலிர்த்தது. நான்காவது அடியில், திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தும், திரும்பிவிட்டார்.

"ஏன் திரும்புனீங்க?"

"பின்னாடி வந்தீங்க."

"அப்பவும் பின்னாடிதாண்ணா வந்தேன்."

"இப்ப... கொஞ்சம் பிந்தி வெச்சீங்க."

"எவ்வளவு?"

அவர் யோசித்தார். அதற்குக் கணக்கு அவரிடம் இல்லை. வார்த்தை இருந்தது.

"ஒரு மூச்சுங்."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

மூச்சு என்பது அவர் தொழிலின் வார்த்தை. பதினாறு வயதில் முதன்முதலாகக் கோயிலில் கும்மிப்பாட்டைக் கேசட்டில் பிடித்தபோது, பொத்தானை அமுக்கப் பிந்திவிட்டார். பாட்டின் முதல் எழுத்து கடிபட்டு, மாரியாத்தா 'ஆரியாத்தா' ஆகிவிட்டாள். ஊரே சிரித்தது. மைக்செட் முதலாளி பிடரியில் ஒன்று வைத்தார். "எதைப் புடிச்சாலும் முன்னாடி ஒரு மூச்சு உட்றா. அது சாமிக்கு உடற எடம்." அன்றிலிருந்து இன்றுவரை அவர் பிடித்த, அடுத்தவரிடம் வாங்கி வைத்த எந்தச் சத்தத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு வெறுமையாக இருக்கும். பாட்டுக்கு முன்னால், பிரசங்கத்துக்கு முன்னால், கல்யாண மந்திரத்துக்கு முன்னால்.

பூவாத்தாளின் ஒவ்வொரு காலடிக்கும் முன்னால்.

"அப்ப அந்தக் கெணறு?" என்றார். குரல் கொஞ்சம் கெஞ்சியது. "கல்லு லேட்டாத்தானுங்களே சத்தம் போட்டுது? அதனாலதானுங் நான் நம்புனேன்?"

"கல்லைக் கையில இருந்து விட்டுட்டீங்கண்ணா, அது போய் விழ நேரமாகும்," என்றாள் நிஷா. "காலை எங்க விட்டீங்க?"

நாச்சிமுத்து உள்ளே போனார். எண்பத்தாறு காலடி. ஒவ்வொன்றாகத் திரையில் விரித்தார். சத்தத்தின் தலைமாட்டில் ஒரு சின்னத் தட்டைக் கோடு, வெறும் மௌனம். வெட்டினார். ஒவ்வொன்றை வெட்டும்போதும் பிடரியைத் தடவிக்கொண்டார். நிஷா சொன்னபடியே கை வைக்கவில்லை. டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பூவாத்தாள் வந்தாள். வந்ததே நிஷாவின் முகத்துக்காகத்தான் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கு.

ஐந்து. திரும்பவில்லை. தலை கொஞ்சம் சாய்ந்தது, காது கொடுப்பதுபோல. ஆறு, ஏழு. சருகில் இறங்கினாள். வேண்டுமென்றே இன்னொரு தடவை சருகை மிதித்தாள். சாக்கடை மூடி 'டங்' என்றதும் சிரித்துவிட்டாள்.

"மூணாவது வூட்டுக்கு முன்னாடி இருக்கற மூடி! எங்கிருந்துங் புடிச்சீங்க?"

நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிஷா விரலை உதட்டில் வைத்தாள்.

ஆறாவது வீட்டு முனையில் பூவாத்தாள் நின்றாள்.

"என்னுங்க, மறுபடியும் ஆளா?"

"இல்லீங். அவன் போயிட்டான்." குனிந்து, தெரியாத தன் பாதத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் தெரு மட்டும்தான் இருந்தது. "ஆனா நடக்கறது நானில்லீங்களே."

"எப்படிங்?"

"எடது என்ற காலுதான். வலதுதான் ஆரோடதுன்னு தெரியலை. ரெண்டு காலும் செருப்புப் போட்டு நல்லா நடக்குது. என்ற கால் அப்படியா நடக்கும்? டொக்குன்னு வெக்கும். எடுக்கறப்ப கிய்ங்குன்னு ஒரு கத்துக் கத்தும். அஞ்சு மாசமா ராப்பகலா அதுகூடத்தானுங் குடித்தனம்."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். முதல் நாளே கேட்டார். அதைப் பிடிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து, இரண்டு காலுக்கும் தன்னுடைய காலையே கொடுத்திருந்தார். பெருந்தன்மையாகச் செய்ததாகத்தான் இத்தனை நாள் நினைப்பு.

நிஷா மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பூவாத்தாளின் முன்னால் மண்டியிட்டார். முட்டி 'மடக்' என்றது.

"மன்னிக்கோணும் அம்மிணி. ஒருக்கா நடந்து காட்டுங்க."

"பதினாறு வருசம் நடந்தேனுங்," என்றாள் பூவாத்தாள். "என்ற காலுக்கு முன்னாடி மைக்கு நீட்டுன மொத ஆளு நீங்கதான். பாட்டொண்ணும் வராது, பாத்துக்கங்."

டொக். கிய்ங். டொக். கிய்ங்.

ஆஸ்பத்திரிப் புறவாசல் மணலில் ஒரு மாதிரி, சருகில் ஒரு மாதிரி, இரும்பு மூடியில் ஒரு மாதிரி. இருபத்தெட்டு அடி. எல்லாவற்றையும் பிடித்து, முன்னால் ஒரு நூலிழை கூட விடாமல் வெட்டி வைத்தார். வெட்டும்போது அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. செத்துப்போன முதலாளியிடம் அனுமதி கேட்டிருக்கலாம்.

சாயந்தரம் பூவாத்தாள் மறுபடி கண்ணாடியை மாட்டினாள். முதல் அடி வைத்தாள். இரண்டாவது அடியில் அந்தக் 'கிய்ங்' வந்ததும் அவள் தோள் இறங்கியது. கழுத்து நிமிர்ந்தது. இல்லாத பையை இடது தோளில் ஒரு தரம் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு நாச்சிமுத்து பார்த்தது ஹாலையல்ல. முப்பது அடிச் சிமெண்ட் தரையில் ஒரு தபால்காரம்மா தன் பீட்டை நடந்தாள். நாய் இருக்கிற வீட்டை ஒதுங்கிப் போனாள். சாக்கடை மூடியைத் தாண்டாமல் மிதித்தாள். இருபதாவது வீட்டில் நின்று வெறும் காற்றில் கையை உயர்த்தித் தட்டினாள். காதுக்குள் மரக்கதவு 'தட்தட்' என்றிருக்க வேண்டும்.

"போஸ்ட்!"

காத்திருந்தாள். ஒரு வீட்டுக்காரர் கைவேலையை விட்டு எழுந்து வருவதற்கு ஆகிற நேரம்.

"ஆளில்லீங்களாட்ட இருக்குது," என்றாள் இவர்கள் பக்கம் திரும்பாமலே. "சீட்டு எழுதி வெச்சுட்டுப் போகட்டுங்களா?"

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹாலில் அன்று புழுக்கம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை. தெருமுனையில் இருந்த தையல்கடை நிழலில் குருவும் சீடரும் நின்றார்கள். கிட்டே வரக் கூடாது என்று பூவாத்தாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். டாக்டர் குடை பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் கூடவே நடந்தார்.

இங்கே கண்ணாடி இல்லை. ஹெட்போன் இல்லை. மோட்டார் சைக்கிள் போனது. ஒரு வீட்டில் மிக்ஸி ஓடியது. இத்தனைக்கும் நடுவே நாச்சிமுத்துவின் காதுக்கு அது தனியாகக் கேட்டது. டொக். கிய்ங்.

நான்காவது அடி. போயிற்று. மூன்றாவது வீட்டு மூடி. 'டங்.' எட்டாவது வீடு. பத்து.

பதினோராவது வீட்டைத் தாண்டியதும் பூவாத்தாள் நின்றாள்.

திரும்பிப் பார்த்தாள்.

நாச்சிமுத்துவின் கை தையல்கடைத் தூணைப் பற்றியது. எண்பத்தாறையும் வெட்டினோமா, எங்கேயாவது ஒன்றை விட்டுவிட்டோமா என்று மனசு எண்ண ஆரம்பித்தது. இங்கே ஓடுவது அவர் பிடித்த சத்தமல்ல என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

பதினோராவது வீட்டில் தாழ்ப்பாள் சத்தம்; கேட் திறந்தது. ஒரு வீட்டம்மா தெருவில் ஓடிவந்தாள். வெயிலில் சத்தம் எடுத்த அன்று தாழ் போட்டுக்கொண்டவள்தான். கையை மேலே தூக்கி எதையோ ஆட்டிக்காட்டினாள்.

"நில்லு பூவாத்தா! பேனா வாங்கி வெச்சிருக்கறேன் பாரு!"

பூவாத்தாள் தெருவே கேட்கச் சிரித்தாள். "எட்டு மாசங் கழிச்சா!" என்றாள். அந்தப் பேனாவை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டு. டாக்டர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். இருபதாவது வீட்டில் கதவைத் தட்டுகிற சத்தமும், உள்ளிருந்து "வர்றேன், வர்றேன்" என்று ஒரு குரலும் இத்தனை தூரத்துக்கும் வந்தன.

நாச்சிமுத்து தூணை விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

நிஷா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப விடுங்கண்ணா," என்றாள், "அந்த மூச்சை."